மூன்று வயதுக் குழந்தையிடம் விவாகரத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று நானும் அவள் அப்பாவும் இரண்டு இரவு உட்கார்ந்து பேசி, ஒரு முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதை மெதுவாகச் சொன்னோம். பெரியவர்களுக்குள் சில சமயம் ஒத்துப்போகாது, நிறைய யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம், எங்களுக்கும் வருத்தம்தான் என்றெல்லாம். அவள் ஒரு மரக்கட்டையின் மேல் இன்னொன்றை அடுக்கிக்கொண்டே கேட்டாள். நாங்கள் முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, "அப்போ என் நீலப் போர்வை எங்க தூங்கும்?" என்றாள்.

நாங்கள் எழுதிய பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.

ஏன் பிரிகிறோம் என்பது நமக்குத்தான் பெரிய விஷயம். ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு வேண்டியது வேறு: இரவில் யார் பக்கத்தில் படுப்பார்கள், காலையில் யார் எழுப்புவார்கள், அப்பாவை மறுபடி எப்போது பார்ப்பேன், நீயும் போய்விடுவாயா. இந்த நான்குக்கும் பதில் இருந்தால் பேச்சில் முக்கால்வாசி முடிந்தது. இல்லையென்றால் எவ்வளவு அழகாகப் பேசினாலும் குழந்தைக்கு ஒன்றும் சேராது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை வைத்துத்தான்.

அந்த வயதில் குழந்தை எப்படி யோசிக்கும்

பேசுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே, சுமார் இரண்டு முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகள் தங்கள் கண் வழியாக மட்டுமே உலகத்தைப் பார்க்கிறார்கள் என்று விளக்கினார். இன்னொருவர் இடத்தில் இருந்து யோசிக்கும் திறமை அப்போது முழுதாக வந்திருக்காது. அதனால் நடப்பதெல்லாம் தன்னைச் சுற்றி, தன்னால்தான் நடக்கிறது என்று தோன்றும். நேற்று பொம்மையை விட்டெறிந்தேன், அம்மா திட்டினாள், இன்று அப்பா பெட்டியோடு கிளம்புகிறார். இரண்டையும் குழந்தை தானாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும். வாய் திறந்து கேட்கவே கேட்காது. "இது உன்னால இல்ல" என்பதை அது கேட்காமலே நாம் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

நேரமும் அவர்களுக்கு வேறு மாதிரி. "அடுத்த வாரம்" என்றால் மூன்று வயதுக்கு ஒன்றும் இல்லை. "ரெண்டு தடவ தூங்கி எழுந்ததும்" என்றால் புரியும். "எப்போதும்", "இனிமேல்" போன்ற சொற்களும் அப்படித்தான். ஒரு நாள் தெளிவாகச் சொல்லியிருந்தாலும் மறுநாள் கதவில் நின்று "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்கும். அது பிடிவாதம் கிடையாது. முதல் தடவை சொன்னது நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு. 1992-இல் அவர்கள் ஒரு பொம்மைப் பாத்திரத்தின் பெற்றோர் பிரிவதாக ஒரு பகுதி எடுத்தார்கள். ஒளிபரப்புவதற்கு முன் பாலர் பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அம்மாவும் அப்பாவும் உன்னை நேசிக்கிறார்கள் என்று கதையில் சொல்லியிருந்தும் பிள்ளைகள் குழம்பிப் போனார்கள். சண்டை வந்தாலே பிரிந்துவிடுவார்கள் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை. 20 வருடம் கழித்து, 2012-இல், அவர்கள் இதே விஷயத்தை மறுபடி எடுத்தபோது, பிரிவை ஏற்கெனவே சந்திக்கும் குடும்பங்களுக்கென்று தனியாக வெளியிட்டார்கள். குழந்தைகளுக்காக எழுதுவதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது. உங்களுக்கு முதல் தடவை சரியாக வரவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம்.

படி 1: முதலில் பெரியவர்கள் இருவரும் முடிவு செய்யுங்கள்

குழந்தையிடம் போவதற்கு முன், தினசரி விஷயங்களில் பதில் கையில் இருக்க வேண்டும். யார் எந்த வீட்டில்? குழந்தை எந்த இரவு எங்கே தூங்கும்? பாலர் பள்ளிக்கு யார் விடுவது, யார் கூட்டி வருவது? பிடித்த பொம்மை, போர்வை எங்கே இருக்கும்? குளிக்க வைப்பது, கதை சொல்வது, காய்ச்சல் வந்தால் கூட இருப்பது என்று ஒரு நாளை காலையில் இருந்து இரவு வரை மனதுக்குள் நடத்திப் பாருங்கள். குழந்தைக்கு எங்கே தடுக்கும் என்று அப்போது தெரியும்.

எல்லாம் முடிவாகியிருக்காது. வழக்கு, வீடு, பணம் எல்லாம் இழுபறியில் இருக்கலாம். அதைக் குழந்தையிடம் கொண்டு போக வேண்டாம். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததற்கு, "அது இன்னும் முடிவாகல கண்ணு, முடிவானதும் உன்கிட்ட சொல்றோம்" போதும். நடக்காத ஒன்றை உறுதி சொல்வது மட்டும் கூடாது. "அப்பா தினமும் வருவாரு" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் வராமல் போனால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் குழந்தை முழுதாக நம்பாது.

இருவரும் ஒரே வாக்கியங்களைச் சொல்வது என்றும் பேசிக்கொள்ளுங்கள். அம்மா ஒரு காரணம், அப்பா ஒரு காரணம் என்று சொன்னால் எது நிஜம் என்று குழந்தை தேட ஆரம்பிக்கும்.

படி 2: எப்போது, எங்கே

ரொம்ப முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒரு மாதம் முன்பே சொன்னால் அந்த ஒரு மாதமும் குழந்தை கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்பாவோ அம்மாவோ வேறு வீட்டுக்குப் போவதற்குச் சில நாட்கள் முன்பு என்பது மூன்று, நான்கு வயதுக்குப் போதும். அதே சமயம், போன பிறகு சொல்வது இன்னும் மோசம். தூங்கி எழுந்தபோது ஒருவர் காணாமல் போய்விட்டால், தூங்கவே பயம் வந்துவிடும்.

விடுமுறை நாளின் காலை நல்லது. இரவு தூங்கப் போகும் முன் வேண்டாம், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம், பிறந்தநாள் பக்கத்தில் வேண்டாம். வெளியில் கூட்டிப் போய்ச் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தைக்கு அழத் தோன்றினால் ஓடி ஒளிய அதன் மூலை வேண்டும். தரையில் உட்காருங்கள், கையில் விளையாட ஏதாவது இருக்கட்டும். முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு கேட்பதைவிட, கை வேலையாக இருக்கும்போது இந்த வயதுப் பிள்ளைகள் நன்றாகக் கேட்பார்கள்.

அண்ணனோ அக்காவோ இருந்தால் முதலில் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்து, சின்னக் குழந்தைக்குப் புரியும் அளவில் சொல்லுங்கள். பெரியவனுக்கு வேண்டியதை அப்புறம் தனியாகப் பேசலாம். பெரியவனிடம் மட்டும் முன்பே சொல்லி "தம்பிகிட்ட சொல்லாத" என்று ரகசியம் காக்க வைப்பது அவன் தோளுக்குத் தாங்காத பாரம்.

படி 3: சொல்லும் சொற்கள்

இரண்டு, மூன்று நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். எங்கள் முழுப் பக்கத்தில் கடைசியில் தேறியது இவ்வளவுதான்:

"அம்மாவும் அப்பாவும் இனிமே ஒரே வீட்டுல இருக்கப் போறதில்ல. அப்பா வேற வீட்டுல இருப்பாரு. நீ கொஞ்ச நாள் இங்க தூங்குவ, கொஞ்ச நாள் அப்பா வீட்டுல தூங்குவ. ரெண்டு இடத்துலயும் உனக்குப் படுக்கை இருக்கு. இது பெரியவங்க எடுத்த முடிவு. நீ எதுவும் செஞ்சதால இல்ல. நான் எப்பவும் உன் அம்மா, அவர் எப்பவும் உன் அப்பா."

விவாகரத்து என்ற சொல்லையே சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். சொல்லலாம். பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ எப்படியும் அதைக் குழந்தையின் காதுபட சொல்லப் போகிறார்கள். அது ஏதோ பயங்கரமான சொல் என்று அங்கே கேட்டுப் பயப்படுவதைவிட, "அம்மா அப்பா தனித்தனி வீட்டுல இருக்கிறதுக்குப் பேரு டைவர்ஸ்" என்று உங்கள் வாயால் கேட்பது மேல்.

நல்ல எண்ணத்தில் சொல்லும் சில வாக்கியங்கள் குழந்தையின் காதில் வேறு மாதிரி விழும். "அப்பாவுக்கு அம்மா மேல இருந்த அன்பு போயிடுச்சு" என்றால், அன்பு போய்விடக்கூடிய பொருள், நாளைக்கு என் மேல் இருப்பதும் போய்விடும் என்று அர்த்தமாகும். "அப்பா வேலையா வெளியூர் போயிருக்காரு" என்ற பொய், ஒவ்வொரு மாலையும் காத்திருக்க வைக்கும். "நீ சமத்தா இருந்தா அப்பா வருவாரு" என்பதைப்போல ஆபத்தானது எதுவும் இல்லை. அப்பா வராத ஒவ்வொரு நாளும் தான் சமத்தாக இல்லை என்று குழந்தை முடிவு செய்யும். ஆண் பிள்ளையிடம் "இனி நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்" என்று உறவினர்கள் செல்லமாகச் சொல்வார்கள். நான்கு வயதுக் குழந்தை அதை நிஜமாகவே எடுத்துக்கொள்ளும். தடுத்துவிடுங்கள்.

நடுவில் உங்களுக்கு அழுகை வந்தால் வரட்டும். "அம்மாவுக்கு வருத்தமா இருக்கு, அழுதா கொஞ்சம் சரியாயிடும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். குழந்தை உங்களைத் தேற்ற வேண்டிய நிலை மட்டும் வரக் கூடாது. உடைந்துவிடுவீர்கள் என்று தோன்றினால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், தப்பில்லை.

படி 4: சொன்ன பிறகு

அநேகமாக ஒன்றும் நடக்காது. "சரி, நான் ஊஞ்சல் ஆடட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிடும். புரியவில்லையோ, கவலையே இல்லையோ என்று உங்களுக்குத் தோன்றும். மறுபடி கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள், விளையாட விடுங்கள். சின்னக் குழந்தைகள் வருத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த சில வாரங்களில் விளையாட்டைக் கவனியுங்கள். என் மகள் பொம்மைகளை இரண்டு அட்டைப் பெட்டிகளில் பிரித்து வைத்து, ஒரு சின்னக் கரடியை மட்டும் இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடத்திக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் கரடி நடுவில் தரையிலேயே படுத்துவிட்டது. "கரடிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "அதுக்கு டயர்டா இருக்கு" என்றாள். அன்று மாலைதான் அவள் அப்பாவிடம் பேசி, வாரத்துக்கு நான்கு முறை மாறுவதை இரண்டு முறையாகக் குறைத்தோம். நேராகக் கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

படி 5: கேள்விகள்

ஒரே கேள்வி 50 தடவை வரும். ஒவ்வொரு தடவையும் அதே சொற்களில், அதே குரலில் பதில் சொல்லுங்கள். பதிலை மாற்றினால் ஏதோ மாறிவிட்டது என்று குழந்தை நினைக்கும்.

"ஏன்?" என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. "நாங்க சேர்ந்து இருந்தா ரொம்பச் சண்டை வருது. தனித்தனியா இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது." யார் மேல் தப்பு என்பது, நிஜமாகவே ஒருவர் மேல்தான் தப்பு என்றாலும், இந்த வயதில் சொல்ல வேண்டாம். குழந்தை தன்னை இருவரின் பாதியாகவே பார்க்கிறது. அப்பாவைப் பற்றிச் சொல்லும் கெட்டது அதன் மேலும் விழும். "நாங்க சண்டை போட்டா நீயும் என்னை விட்டுப் போயிடுவியா?" என்ற கேள்வி அடுத்ததாக வரக்கூடும். அதனால் கூடவே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: "பெரியவங்க ரெண்டு பேரு பிரியலாம். அம்மாவும் பிள்ளையும் பிரியறதில்ல. நீ கோபப்பட்டாலும் நான் கோபப்பட்டாலும் நான் உன் அம்மாதான்."

"நீங்க மறுபடி சேர்ந்துடுவீங்களா?" இதுதான் பதில் சொல்லக் கஷ்டமானது. குழந்தையின் முகத்தைப் பார்த்து "பார்க்கலாம்" என்று சொல்லத் தோன்றும். வேண்டாம். "இல்ல கண்ணு. நீ அப்படி ஆசைப்படறது எனக்குத் தெரியுது. ஆனா நாங்க சேர மாட்டோம்." அப்புறம் அணைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையைத் தொங்கலில் விட்டால், சேர்த்து வைப்பது தன் வேலை என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். காய்ச்சல் வந்தபோது அம்மா அப்பா இருவரும் ஒரே கட்டிலருகில் நின்றார்கள் என்றால், மறுபடி வயிறு வலிக்க ஆரம்பிக்கும்.

"உனக்கு அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?" என்று பெரியவர்கள் கேட்கும் விளையாட்டுக் கேள்வி இனி உங்கள் வீட்டில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி.

படி 6: அழுகை, அடம், நனைந்த படுக்கை

விட்டுப்போன பழக்கங்கள் திரும்பி வரும். படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது, மழலையாகப் பேசுவது, இரவில் அலறி எழுவது, காலைக் கட்டிக்கொண்டு விடாமல் நிற்பது. திட்ட வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். விரிப்பை மாற்றிவிட்டு, "பரவாயில்ல, காலைல தோய்ச்சிடலாம்" என்று படுக்க வையுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நாளில் தானாக அடங்கும். வாரக்கணக்கில் நீடித்தால், சாப்பாடும் தூக்கமும் கெட்டுக்கொண்டே போனால், தன்னையோ மற்றவர்களையோ அடிக்கடி அடித்துக் காயப்படுத்தினால், குழந்தை நல மருத்துவரிடம் போங்கள்.

சத்தம் போடாத குழந்தையையும் கவனியுங்கள். பிரிட்டன் ஆய்வாளர்களான ஜான் பௌல்பியும் ஜேம்ஸ் ராபர்ட்சனும் பெற்றோரைப் பிரிந்த சின்னக் குழந்தைகளை நீண்ட நாள் கவனித்து, முதலில் அழுது போராடுவது, பிறகு துவண்டு போவது, கடைசியில் விலகி ஒட்டாமல் இருப்பது என்று மூன்று நிலைகளை விவரித்தார்கள். மூன்றாவது நிலையைப் பார்த்து "பிள்ளை பழகிடுச்சு" என்று பெரியவர்கள் தவறாக நினைப்பதையும் சுட்டிக்காட்டினார்கள். அது நீண்ட, முழுமையான பிரிவில் பார்த்தது. உங்கள் குழந்தை வாரா வாரம் இருவரையும் பார்க்கிறது என்றால் அந்த நிலைக்குப் போக வேண்டியதே இல்லை. ஆனால் அப்பா வந்தால் ஓடி வராமல், போனால் அழாமல் இருக்கும் குழந்தையைச் "சமத்து" என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் பேச்சு வேலை செய்யாது, வழக்கம்தான் வேலை செய்யும். அதே நேரத்தில் தூக்கம், அதே தாலாட்டு, அதே போர்வை. அந்த வயதில் சில நாட்கள் என்பதே ரொம்ப நீளம். அதனால் நீண்ட நேரம் ஒரு நாள் என்பதைவிடக் குறைந்த நேரம் அடிக்கடி பார்ப்பது நல்லது.

படி 7: இரண்டு வீடு

சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டி, அம்மா வீட்டு நாளுக்கு ஒரு நிறம், அப்பா வீட்டு நாளுக்கு ஒரு நிறம் அடியுங்கள். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். தினமும் காலையில் குழந்தையே ஒரு கட்டத்தில் ஒட்டுப்படம் ஒட்டட்டும். எண் தெரியாத வயதிலும் "நாளைக்குப் பச்சை" என்று அதற்குத் தெரியும்.

போர்வை பயணம் செய்யும். பிரிட்டன் குழந்தை நல மருத்துவரும் உளப் பகுப்பாய்வாளருமான டி.டபிள்யூ. வின்னிகாட், குழந்தைகள் விடாமல் பிடித்திருக்கும் அந்த ஒரு பொருள் தாய்க்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் பாலம் போல நிற்கிறது என்று சொன்னார். அது எந்த வீட்டுக்கும் சொந்தம் இல்லை, குழந்தைக்குச் சொந்தம். அதைத் துவைக்கும்போதுகூடக் கேட்டுவிட்டுத் துவையுங்கள். அந்த வாசனையும் அதில் ஒரு பகுதி.

ஒப்படைக்கும் நேரம் சுருக்கமாக இருக்கட்டும். கதவருகில் கணக்கு, வழக்கு, புகார் எதுவும் வேண்டாம். "போயிட்டு வா, ரெண்டு தூக்கம் முடிஞ்சதும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, முத்தம் கொடுத்து, கிளம்பிவிடுங்கள். கண்ணில் படாமல் நழுவிப் போவது அந்த நிமிட அழுகையைத் தவிர்க்கும், அடுத்த தடவை அதை இரட்டிப்பாக்கும். "நீ இல்லாம அம்மா எப்படி இருப்பேனோ" என்றும் சொல்ல வேண்டாம். அங்கே சிரித்து விளையாட அதற்கு உங்கள் அனுமதி வேண்டும். திரும்பி வந்ததும் அங்கே என்ன நடந்தது, யார் வந்தார்கள் என்று விசாரிப்பதும், "அப்பாகிட்ட இதைச் சொல்லு" என்று செய்தி அனுப்புவதும் அந்தக் குட்டி வாயின் வேலை கிடையாது.

வீடியோ அழைப்பில் மூன்று வயதுக் குழந்தை ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிது. "என்ன பண்ணின? என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் ஓடிவிடும். ஒரு படப்புத்தகத்தை அங்கிருந்து படித்துக் காட்டுங்கள், அல்லது அது விளையாடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். ஓடிவிட்டால் உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

படி 8: சுற்றி இருப்பவர்கள்

தாத்தா, பாட்டி, பாலர் பள்ளி ஆசிரியை எல்லோரிடமும் நீங்கள் குழந்தையிடம் சொன்ன அதே வாக்கியங்களைச் சொல்லி, கேட்டால் இதையே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "பாவம் இந்தப் பிஞ்சு" என்று தலையைத் தடவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று குழந்தைக்குத் தெரிவதே அந்தத் தடவலில்தான்.

இந்தப் படிகள் பொருந்தாத இடங்கள்

வீட்டில் அடிதடி, மிரட்டல் இருந்து நீங்கள் விலகி வந்திருந்தால், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. பாதுகாப்புதான் முதலில். "அடிக்கிறது தப்பு. நம்ம ரெண்டு பேரும் பத்திரமா இருக்கத்தான் இங்க வந்திருக்கோம்" என்று தனியாகச் சொல்லுங்கள். 1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 9-வது பிரிவு, பிரிந்த பெற்றோர் இருவரையும் தொடர்ந்து பார்க்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. அது குழந்தையின் நலனுக்கு எதிராக இருக்கும்போது தவிர என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது.

ஒருவர் போனவர் போனவர்தான், தொடர்பே இல்லை என்றால், காரணம் கண்டுபிடித்துச் சொல்லாதீர்கள். "அப்பா எப்ப வருவாருன்னு எனக்குத் தெரியல. பிள்ளையைப் பார்த்துக்கறது பெரியவங்க வேலை, அதை அவரால இப்போ செய்ய முடியல. நீ செஞ்ச எதனாலயும் இல்ல." வீட்டில் இருக்கும் புகைப்படத்தைக் கிழிக்கவும் வேண்டாம். குழந்தை கேட்டால் பார்க்கும் இடத்தில் ஒன்று இருக்கட்டும்.

அப்புறம்

இந்தப் பேச்சு ஒரு நாளில் முடியாது. ஐந்து, ஆறு வயதில் கேள்வி மறுபடி வரும், கொஞ்சம் பெரியதாக. என் மகள் ஆறு வயதில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, நுரை வழிய, "நான் குட்டியா இருக்கும்போது நீங்க எதுக்குச் சண்டை போட்டீங்க? என்னைப் பத்தியா?" என்றாள். மூன்றரை வயதில் இருந்தே "உன்னால இல்ல" என்று எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். இருந்தும் அந்தச் சந்தேகம் எங்கேயோ ஒரு மூலையில் இருந்திருக்கிறது. குழாயை மூடிவிட்டு, அவள் உயரத்துக்குக் குனிந்து, மறுபடி முதலில் இருந்து சொன்னேன்.